உப்பு பார்க்காத காலைகள்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு உப்பு பார்ப்பதில்லை. நள்ளிரவு தாண்டி ஒரு வாய் தண்ணீர் குடித்திருந்தாலும் அன்றைய பூசையில் நன்மை வாங்க முடியாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். நன்மை என்று நாங்கள் சொல்வது பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தை. அது ஆண்டவருடைய சரீரம். அதற்கு முன்னால் வயிற்றுக்குள் வேறு எதுவும் போயிருக்கக் கூடாது. அதனால் அம்மா விடியற்காலையில் குழம்பை முகர்ந்து பார்த்தே உப்பைப் போட்டுவிட்டு மாதா கோயிலுக்குக் கிளம்புவாள். சில ஞாயிறுகளில் வாயில் வைக்க முடியாது, சில ஞாயிறுகளில் சப்பென்று இருக்கும். அப்பா முகம் சுளிக்காமல் சாப்பிட்டு எழுந்து போவார்.

பண்டிகை நாள்களில் அப்படி விட முடியாது, விருந்தாளிகள் வருவார்கள். அதற்காக அம்மா கால்வாய் ஓரத்துக் குடிசையிலிருந்து ஒரு அக்காவைக் கூப்பிட்டுக்கொள்வாள். அந்த அக்கா மாரியம்மனைக் கும்பிடுகிறவள், எங்கள் சட்டம் அவளைக் கட்டாது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு அடுப்புக்கு அடுப்பு போய், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, "இன்னும் ஒரு கல்லு போடும்மா" என்பாள். மயிலாப்பூரில் கோயில் கட்டிய நாளிலிருந்து கிறிஸ்து வேதத்தில் இருக்கிற குடும்பம் என்று பெருமையடித்துக்கொள்ளும் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குழம்பின் ருசி மாரியம்மன் பக்தையின் கையில்தான் இருந்தது. எனக்கு அதை நினைத்தால் அப்போதே சிரிப்பு வரும். அப்பாவிடம் சொல்லிச் சிரிக்க முடியாது.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வார நாள்களில் கணக்கு, ஞாயிறு மாலையில் எங்கள் கோயில் பங்குக் குழந்தைகளுக்கு ஞானோபதேசம் என்கிற வேத வகுப்பு. இரண்டையும் ஒரே குரலில் நடத்துவார். யுத்தத்துக்காகச் சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தபோது, நள்ளிரவு என்பது பழைய மணியா புது மணியா என்று பங்கில் பெரிய விவாதம் நடந்தது. எது வசதியோ அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சாமியாரே சொல்லிவிட்டார். அப்பாவுக்கு வசதி என்ற சொல்லே பிடிக்காது. எது முன்னால் வருகிறதோ அதுதான் இந்த வீட்டு நள்ளிரவு என்று தீர்ப்புச் சொன்னார்.

அவர் கெட்டவர் இல்லை. அடித்தது கிடையாது, அதட்டியதும் அபூர்வம். ஆனால் சட்டம் என்று ஒன்று வந்துவிட்டால் அவருக்கு முன்னால் மனைவி, மகள் என்று யாரும் தெரியமாட்டார்கள்.

யுத்தத்துக்கெல்லாம் முந்தி, எனக்கு எட்டு வயதில் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நன்மை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன், தலையில் வலை முக்காடு, கையில் மெழுகுவர்த்தி. எல்லாப் பிள்ளைகளும் வரிசையாகக் கோயிலுக்கு நடந்து போகும்போது தூறல் போட்டது. நான் அண்ணாந்து நாக்கை நீட்டினேன். ஏன் நீட்டினாய் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது, மழை பெய்தால் குழந்தை நாக்கை நீட்டும். வரிசைக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்த அப்பா பார்த்துவிட்டார். விழுங்கினாயா என்று கேட்டார். எனக்கு அப்போது பொய் சொல்லத் தெரியாது, ஆமாம் என்றேன்.

பீடத்துக்கு முன்னால் இருக்கிற மரக் கிராதியில் மண்டியிட்டுத்தான் நன்மை வாங்குவோம். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து கிராதிக்குப் போனார்கள். நான் மட்டும் அணையாத மெழுகுவர்த்தியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்பா எழுந்து போனார். வாங்கிக்கொண்டு, கை குவித்து, கண்ணை முக்கால்வாசி மூடியபடி திரும்பி வந்து என் பக்கத்தில் மண்டியிட்டார். என் பக்கம் திரும்பவில்லை. அப்பத்தை மெல்லக் கூடாது என்பதும் சட்டம், நான் அவருடைய தாடை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த ஞாயிறு எனக்குத் தனியாக நன்மை கொடுத்தார்கள். கவுனில் மெழுகு சொட்டியிருந்ததால் பாவாடை சட்டையில் போய் வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்குப் போன நிம்மதி வெகு காலம் திரும்பவில்லை. பல் விளக்கிக் கொப்பளிக்கும்போது தண்ணீர் உள்ளே போயிற்றா, கொட்டாவி விட்டபோது கொசு போயிற்றா, பல்லிடுக்கில் நேற்றைய தேங்காய்த் துணுக்கு இருந்ததா என்று பூசை முழுக்க நாக்கால் வாய்க்குள் தேடிக்கொண்டிருப்பேன். பாதி நாள் கிராதி வரை போய்விட்டுத் திரும்பிவிடுவேன். பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் இதையெல்லாம் ஒப்பித்தால் சாமியாருக்கே அலுத்துப்போகும். போம்மா, போய் நன்மை வாங்கு என்பார். சாமியார் சொன்னால் போதுமா, அப்பா என்ன சொல்வார் என்று யோசிப்பேன். எனக்குச் சர்வேசுரனும் அப்பாவும் ஒரே மூக்குக் கண்ணாடி போட்டிருப்பதாகத்தான் தோன்றும்.

இந்த அழகில், ஞானோபதேச வகுப்பில் அப்பா நடத்துகிற பாடம் இஷ்டப்பிரசாதம். இப்போது அருள் என்கிறார்கள், அப்போது அந்தப் பெயர்தான். நம்முடைய தகுதியைப் பார்க்காமல் சர்வேசுரன் சும்மா கொடுக்கிற கொடை என்று சொல்லித் தருவார். சும்மா கொடுக்கிறவர் எதற்காக இத்தனை நிபந்தனை போடுகிறார் என்று ஒரு தடவை வகுப்பிலேயே எழுந்து கேட்டேன். அதிகப்பிரசங்கி, உட்கார் என்றார். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

பிற்காலத்தில் சட்டம் தளர்ந்தது. முதலில் தண்ணீர் குடிக்கலாம் என்றார்கள், அப்புறம் சில மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும் என்றார்கள். பங்கில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு வந்தது கோபம். அப்படியென்றால் அந்த மழைத்துளிக்கு என்ன பதில் என்று யாரைப் போய்க் கேட்பது? கதையை விட்டு நான் முந்திப் போகிறேன். கல்யாணத்துக்கு வருகிறேன்.

யுத்தம் முடிகிற சமயம். தியாகராய நகரில் ஒரு ரேஷன் ஆபீசில் எனக்கு டைப் அடிக்கும் வேலை. பக்கத்து மேஜையில் மாட வீதிக்காரர் ஒருவர், ஐயர் வீட்டுப் பையன். ஒரு சாயங்காலம் நாங்கள் வந்துகொண்டிருந்த, பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஓட்டிய கரிவாயு பஸ் ஆழ்வார்பேட்டையில் நின்றேவிட்டது. எல்லாரும் இறங்கி நடந்தார்கள், நாங்களும் நடந்தோம். அவர் தன் அம்மா மடியாகச் சமைக்கிற கதையைச் சொன்னார். இவர் விரல் பட்டால் மறுபடி தலைமுழுக்கு. நான் எங்கள் பட்டினிக் கதையைச் சொன்னேன். யார் வீடு மோசம் என்று போட்டி போட்டுக்கொண்டு நடந்ததில் லஸ் வந்ததே தெரியவில்லை. "எங்காத்துல தேவலை போலருக்கே, தண்ணியாவது குடிக்கலாம்" என்று அவர் சொன்னதற்கு நான் நடுத்தெருவில் நின்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை எங்கள் பங்கைச் சேர்ந்த யாரோ பார்த்துவிட்டார்கள்.

அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிக் கோயிலில் ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று தொடர்ந்து சில ஞாயிறுகள் அறிவிப்பதைத்தான் ஓலை என்போம். மாப்பிள்ளை பரங்கிமலைப் பக்கம், ரயில்வே உத்தியோகம். அவருடைய அம்மா தனி ஆளாக நின்று பிள்ளையை வளர்த்தவர், யார் பேச்சையும் பாதியில் நிறுத்திவிடுவார். ஓலை முடிவதற்குள் சிரிப்புக் கதை கைகால் முளைத்து அவர் காதுக்குப் போய்விட்டது. நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, தந்த காப்பியைத் தொடாமல், அம்மாவிடம் சொன்னார்.

"ஊர் வாயை நான் மூட முடியாது. உங்க பொண்ணை நான் ஒண்ணும் விசாரிக்கப் போறதில்லை. கல்யாணப் பூசையில அவ நன்மை வாங்கட்டும். மனசுல கறை இருக்கறவ அதை வாங்கத் துணியமாட்டா. அது எனக்குப் போதும்."

அம்மா அழுதாள். அப்பா, இதில் அழ என்ன இருக்கிறது, முறையான பேச்சுத்தானே என்றார். எனக்கு வரப்போகிற மாமியார் மேலேயும் அப்பா மேலேயும் ஆத்திரமாக வந்தது. ஆனால் அந்தக் கல்யாணம் எனக்கு வேண்டியிருந்தது. மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தபோது, டைப் அடித்து அடித்து விரல் வலிக்காதா என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

கல்யாணத்தன்று விடிகாலையிலேயே புடைவை கட்டிப் பூ முடி வைத்துவிட்டார்கள். பின்கட்டுப் பந்தலில் பூசைக்குப் பிந்திய பலகாரத்துக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. உப்பு பார்க்கும் அக்கா அங்கிருந்து குரல் கொடுத்தாள், மூஞ்சியைக் காட்டிட்டுப் போ என்று. நான் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவள் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். சர்க்கரைக்கு ரேஷன் இருந்த காலம். ரேஷன் ஆபீசிலேயே வேலை பார்க்கிறவள் வீட்டுக் கல்யாணம் என்றாலும், அளவுக்கு மேல் ஒரு பொட்டலம் வாங்க அப்பா விடவில்லை. கேசரி வேண்டாம் என்றே முடிவு செய்திருந்தோம்.

"சக்கரை ஏது அக்கா?" என்றேன்.

"எங்கூட்டு ரேசனு. இத்தினி மாசமா சேத்து வெச்சிகினு இருந்தேன். இன்னா கண்ணு, ராணியாட்டம் கீறே. வாயத் தொற."

சொல்லிக்கொண்டே ஒரு சிட்டிகை கேசரியை ஊதி என் வாயில் வைத்துவிட்டாள். திறந்தது நான்தான். அவள் வாயைத் திற என்றாள், திறந்தேன். நெய்யும் ஏலக்காயுமாக அது தொண்டையில் இறங்கிய பிறகுதான் எனக்கு அன்றைக்கு என்ன நாள் என்பது உறைத்தது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டுக்காரர்கள் உப்பு பார்க்காதது எங்கள் சமையல் ஆசாரம் என்று நினைத்திருந்தாள். பட்டினி கிடக்கிறோம் என்று இத்தனை வருஷத்தில் நாங்கள் அவளிடம் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. நல்லாக் கீதா என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லா இருக்கு அக்கா என்றேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை.

அதற்குப் பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. அறைக்குள் போனேன், கூடத்துக்கு வந்தேன், மறுபடி அறைக்குள் போனேன். யாருக்கும் தெரியாது, பேசாமல் நன்மை வாங்கிவிடலாம். வாங்கினால் தேவதுரோகம், கல்யாண வாழ்க்கையை அதில் தொடங்கிவிட்டு ஆயுசு முழுக்க நாக்கால் வாய்க்குள் தேடிக்கொண்டிருக்க வேண்டும். வாங்காவிட்டால், பஸ்ஸில் வந்தவனோடு இவளுக்கு என்னவோ இருந்தது என்று மாமியார் முடிவு கட்டிவிடுவார், ஊரும் ஆமாம் போடும். நடந்ததை எல்லாருக்கும் சொல்லிவிடலாம் என்றால் பழி அந்த அக்கா தலையில் விழும். தன் வீட்டுப் பிள்ளைகளுக்கு இல்லாமல் சர்க்கரை சேர்த்தவளைக் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்று வாசலில் வைத்துப் பேசுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் முட்டியது.

பெட்ரோல் கிடைக்காததால் ஜட்கா வண்டிதான். மற்றவர்கள் முன்னால் நடந்து போய்விட்டார்கள். வண்டிக்குள் நானும் அப்பாவும். கச்சேரி ரோடு திரும்பியதும் சொல்லிவிட்டேன். ஒருத்தர் பிரியமாக வாயில் ஒரு இனிப்பு வைத்தார்கள், விழுங்கிவிட்டேன், யார் என்று கேட்காதீர்கள் என்றேன்.

"வாங்கலாமாப்பா?" என்றேன்.

"கூடாதும்மா."

எதிர்பார்த்த பதில்தான். இருந்தும் எனக்குள் இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்தது கிளம்பி வந்துவிட்டது. "சும்மா கொடுக்கறதுன்னு நீங்கதானேப்பா சொல்லிக்கொடுத்தீங்க? அவங்களும் சும்மாதான் கொடுத்தாங்க. எது பாவம் இதுல?" என்று கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்து மை கரைந்தது. அவர் தன் அங்கவஸ்திரத்தின் நுனியால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டார். நான் சாமியாரிடம் சொல்லிவிடுகிறேன், உன்னைத் தாண்டிப் போய்விடுவார் என்றார். அவ்வளவுதான். அந்த நிமிஷம் அவரை நான் வெறுத்தேன்.

மோதிரம் மாற்றியது, தாலி மந்திரித்தது, கட்டியது எதுவும் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. மாப்பிள்ளையின் கை சூடாக இருந்தது, அது ஞாபகமிருக்கிறது. சாமியார் லத்தீனில் பூசை வைத்துக்கொண்டே போனார். ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் இன்னும் கொஞ்சம் நெருங்கிவிட்டது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் அப்பத்தோடு இறங்கி வந்தார். மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னைத் தாண்டிக் கிராதிக்குப் போய்விட்டார்.

முதுகுக்குப் பின்னால் கோயிலே மூச்சு விட்ட சத்தம் கேட்டது. மாப்பிள்ளை ஒரு தடவை என்னைப் பார்த்தார், ஆனால் முகம் மாறவில்லை. மாமியார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் கன்னம் எரிந்தது.

கல்யாணப் பூசையில் பெண்ணின் தகப்பனார் முதலில் எழுந்து கிராதிக்கு வருவார், அவர் பின்னால் மற்றவர்கள் வருவார்கள். எங்கள் பங்கில் கல்யாணம் இல்லாத நாளிலும் முதலில் எழுகிறவர் என் அப்பாதான். காய்ச்சலோடு வந்து வாங்கியிருக்கிறார், தன் தகப்பனார் செத்த மறுநாளும் வாங்கியிருக்கிறார். அவருடைய காலடிச் சத்தத்துக்காக நான் காத்திருந்தேன், புதுநன்மை அன்றைக்குப் போலவே எழுந்து போகட்டும் என்று. சத்தம் வரவில்லை. சாமியார் கிராதியில் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

முக்காட்டை ஒதுக்கித் திரும்பிப் பார்த்தேன். அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மண்டிகூடப் போடவில்லை. கை இரண்டும் முழங்கால் மேல் இருந்தன, கண் திறந்திருந்தது, நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் எழுந்துவிட்டிருந்த அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பா, சித்தி, பின்பெஞ்சில் அத்தை என்று எங்கள் பக்கம் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவர்களுக்குக் காரணம் தெரியாது. வாத்தியாரே உட்கார்ந்திருக்கும்போது நாம் எப்படிப் போவது என்ற பயமாகக்கூட இருக்கலாம். மாப்பிள்ளை வீட்டார்தான் தயங்கித் தயங்கிக் கிராதிக்குப் போனார்கள். நான் முக்காட்டுக்குள் அழுதேன். அது துக்கமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன்.

பந்தலில் பலகாரத்துக்கு உட்கார்ந்தபோது மாமியார் சுற்றி வளைக்கவில்லை. அப்பாவின் எதிரில் வந்து நின்று, எல்லாரும் கேட்கும்படி, "நீங்க ஏன் வாங்கலை?" என்றார்.

"எனக்குத் தகுதி இல்லைன்னு தோணிச்சும்மா" என்றார் அப்பா.

அந்த மனிதருக்கே தகுதி இல்லையென்றால் யாருக்கு இருக்கிறது என்று மாமியார் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. என்னைச் சொல்ல வேண்டுமென்றால் இந்தப் பெரிய மனிதரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அது அவரால் முடியாது. உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு ஆயுசு முழுக்க என் சமையலில் ஆயிரம் குற்றம் கண்டுபிடித்தார், அந்தக் காலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அக்கா கேசரித் தாம்பாளத்தோடு வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தாள். அப்பா அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன், அதிலேயே அவருக்கு விளங்கியிருக்கும். அவர் இலையை விட்டு எழுந்து அவள் முன்னால் போய்க் கையை நீட்டினார். வேறு சாதிக்காரர் கையால் நேராக வாங்கித் தின்று நான் அவரைப் பார்த்ததில்லை. அவள் பதறிப்போய், "உக்காரு நைனா, எலையில வெக்கறேன்" என்றாள். கையிலேயே வை என்றார். நின்றபடி அதை வாயில் போட்டு, மெதுவாகத் தின்று, "இனிப்பு சரியா இருக்கு" என்றார். அவளுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. அவளுக்கு இன்று வரை எதுவும் தெரியாது.

மத்தியானம் பரங்கிமலைக்குப் புறப்பட்டோம். எல்லாரும் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார்கள். அப்பா கடைசியாக வந்தார். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். நான்தான் ஆரம்பித்தேன். எனக்காக நன்மையை விட்டீர்களே அப்பா, பாவமில்லையா என்று கேட்டேன். ஏதாவது சட்டம் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது இல்லாமல் அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை.

"உன் புதுநன்மை அன்னிக்கு மழையில நாக்கை நீட்டினியே," என்றார். "அன்னிக்கே நான் எந்திரிச்சுப் போயிருக்கக் கூடாதும்மா. உன்கூட உக்காந்திருக்கணும்."

மாப்பிள்ளை ஏறி உட்கார, வண்டி கிளம்பிவிட்டது.